பட்டியலில் விட்டுப்போன ஊர்

பிப்ரவரி 3

தம்பிக்கு,

நலமா என்று கேட்க மாட்டேன். நலமாக இல்லாவிட்டால் அந்தக் கல் குவாரிக்காரர்களாவது சொல்லி அனுப்பியிருப்பார்கள். போனில் பேசலாம் என்றால் சிக்னலுக்காக நீ மண்மேட்டின் மேல் ஏறி நின்று கத்துகிறாய், நான் சமையலறையில் நின்று கத்துகிறேன், இரண்டாவது நிமிடம் யாராவது ஒருவர் பட்டென்று வைத்துவிடுகிறோம். அதனால்தான் கடிதம். இதில் நான் முழுதாகப் பேசி முடிக்கலாம், நீ குறுக்கே வர முடியாது.

விஷயம் இதுதான். கார் வாங்கப் போகிறோம். அம்மாவால் இனி பஸ் ஏற முடியாது. போன வாரம் முட்டி வலிக்கு டாக்டரிடம் கூட்டிப்போனேன். ஒரு காலைப் படியில் வைத்துவிட்டாள், அடுத்த காலைத் தூக்க முடியவில்லை. அந்தக் கண்டக்டர், "ஏறுறதுன்னா ஏறும்மா, உனக்காக ஒரு பஸ்ஸா விட முடியும்?" என்று கேட்டான். பஸ் முழுக்க ஆட்கள் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அவன் விசிலைப் பிடுங்கி வீசியிருப்பேன். அம்மாவோ அவனிடம் "மன்னிச்சுக்கப்பா" என்கிறாள்! யாரை யார் மன்னிப்பது? அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன்.

இப்போது வீடு நாலாகப் பிரிந்து நிற்கிறது. உன் அத்தான் பெட்ரோல்தான் என்கிறார். என்னோடு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்கிறவள் டீசல்தான் என்கிறாள். ஷோரூம்காரர் எது கையிருப்பில் இருக்கிறதோ அதைப் புகழ்கிறார். உன் மருமகள் வாலு, எதுவானாலும் சிவப்பாக இருக்க வேண்டும் என்கிறாள். கடைசியில் அம்மாதான், "அவன்கிட்ட கேளு. அவன் ஆயிரம் வீம்பு பிடிப்பான், ஆனா இன்ஜின் விஷயத்துல பொய் சொல்ல மாட்டான்" என்றாள். நாலு வருடமாக உன் பேச்சை எடுத்தாலே எழுந்து போய்விடுகிற உன் அத்தான்கூட எழுந்து போகவில்லை. ஆகவே கேட்கிறேன். பெட்ரோலா, டீசலா? சுருக்கமாகச் சொல்.

அக்கா


பிப்ரவரி 11

அக்கா,

டீசல்.

சுருக்கமாகக் கேட்டாய், சொல்லிவிட்டேன். ஆனால் சாமான் வண்டி கிளம்ப இன்னும் ஒரு மணி நேரம் இருக்கிறது. கடிதங்களை அதுதான் வாரம் ஒரு தடவை எடுத்துப்போகும். அதுவரை கொஞ்சம் திட்டிக்கொள்கிறேன்.

இதெல்லாம் ஒரு கேள்வியா? நான் இங்கே கல் உடைக்கிற மெஷினுக்கு மின்சாரம் கொடுக்கிற இரண்டு ஜெனரேட்டர்களைப் பார்த்துக்கொள்கிறேன். இரண்டும் டீசல். இரண்டும் உன் சமையலறையைவிடப் பெரியவை. அந்த அறைக்குள் யார் வந்து காதருகே கத்தினாலும் கேட்காது. அப்படி ஓடுகிறவை. நாலு வருடத்தில் என்னால் ஒரு நாள்கூட வேலை நின்றதில்லை. என்னிடம் போய் டீசலா பெட்ரோலா என்றால்?

பெட்ரோல்தான் என்று அத்தான் எதை வைத்துச் சொல்கிறார்? அச்சகத்தில் மேற்பார்வை பார்க்கிறவருக்கு மையைப் பற்றித் தெரியும். இன்ஜினைப் பற்றி என்ன தெரியும்? தெரிந்திருந்தால் அன்றைக்கு விருந்தாளி முன்னால் என்னைப் பார்த்து அப்படிச் சொல்லியிருப்பாரா? வேலை தேடிக்கொண்டு ஆறு மாதம் உன் வீட்டில் இருந்தேன். இவன் என்ன செய்கிறான் என்று விருந்தாளி கேட்டதற்கு, "இவனா? நின்ன இடத்துலயே ஓடுற இன்ஜின். சத்தம் வரும், புகை வரும், வண்டி நகராது" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நீயும் சிரித்தாய் அக்கா. பாதி உதட்டோடு சிரித்தாய், நான் பார்த்தேன். நீங்கள் வந்து கூப்பிடுகிறவரை இந்த வாசப்படியை மிதிக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். அதில் மாற்றம் இல்லை.

சரி, காருக்கு வருகிறேன். டீசலா பெட்ரோலா என்பது வண்டியில் இல்லை, மாதம் எத்தனை கிலோமீட்டர் ஓட்டுகிறீர்கள் என்பதில்தான் இருக்கிறது. நிறைய ஓட்டினால் டீசல். எங்கெங்கே போவீர்கள் என்று ஒரு பட்டியல் எழுதி அனுப்பு. நான் கூட்டிக் காட்டுகிறேன், அத்தான் வாயடைத்துப் போவார்.

தம்பி


பிப்ரவரி 20

தம்பிக்கு,

பட்டியல் கேட்டாய், இதோ. வாலுவின் பள்ளிக்கூடம், போய்வர நாலு கிலோமீட்டர். என் பரிசோதனைக் கூடமும் அதே வழிதான், ஒரு கிலோமீட்டர் கூடுதல். அம்மாவின் டாக்டர், மாதம் இரண்டு தடவை. ஞாயிற்றுக்கிழமை காய்கறிச் சந்தை. அத்தான் அச்சகத்துக்கு நடந்தே போவார், அதற்கு வண்டி வேண்டாமாம். எல்லாம் கூட்டினால் இருநூற்று நாற்பது வருகிறது. அத்தான் நிற்கிற ஒவ்வொரு சிக்னலையும் சேர்த்தால் இருநூற்று ஐம்பது என்று வைத்துக்கொள்.

பட்டியலைப் பார்த்துவிட்டு அவர், "இதுக்கு டீசலா? சைக்கிளே போதும்" என்றார். சிரிக்காதே, நான் சிரிக்கவில்லை.

அன்றைக்கு நான் சிரித்தேன் என்கிறாய். விருந்தாளி முன்னால் புருஷனை முறைக்கச் சொல்கிறாயா? விருந்தாளி போன பிறகு உன் அத்தானை நான் வாங்கு வாங்கென்று வாங்கியதை நீ கேட்கவில்லை, ஏனென்றால் அதற்குள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறியிருந்தாய். பொறுமை என்பதே கிடையாது உனக்கு.

அக்கா


பிப்ரவரி 27

அக்கா,

உன் பட்டியலை மூன்று தடவை படித்தேன். பின்பக்கம் திருப்பிப் பார்த்தேன். உறைக்குள் இன்னொரு தாள் ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று கையை விட்டும் பார்த்தேன்.

ஒரு ஊர் விட்டுப்போயிருக்கிறது.

உன் வீட்டிலிருந்து இந்தக் குவாரி கேட்டுக்கு முந்நூற்றுத் தொண்ணூறு கிலோமீட்டர். போய்வர எழுநூற்று எண்பது. காய்கறிச் சந்தை இருக்கிறது, முட்டி டாக்டர் இருக்கிறார், சிக்னல்கூட இருக்கிறது. நான் இல்லை. நாலு வருடமாக என்ன சொன்னீர்கள்? "அம்மாவால பஸ்ல வர முடியாதுடா, ஒரு வண்டி இருந்தா வந்துடுவோம்." நானும் நம்பினேன். இப்போது வண்டி வருகிறது. வண்டி வந்த பிறகு போகிற இடங்களை எழுது என்றால், வெண்டைக்காய் வாங்கப் போகிற இடம் நினைவுக்கு வருகிறது, கூடப்பிறந்தவன் இருக்கிற இடம் நினைவுக்கு வரவில்லை. மறந்துவிட்டாய் என்றால்கூடப் பரவாயில்லை. வருவதாகவே இல்லை என்றால் அதை நேராக எழுது.

இங்கே கேட்டில் ஒரு காவல்காரர் இருக்கிறார். சீட்டு அண்ணன் என்று பெயர் வைத்திருக்கிறோம். யார் வந்தாலும் ஒரு சீட்டைக் கிழித்துக் கொடுத்து, யார், யாரைப் பார்க்க, என்ன உறவு, என்ன காரணம் என்று எழுதி வாங்கி உள்ளே அனுப்புவார். வாராவாரம் வருகிற சாமான் வண்டிக்காரரிடம்கூட வாங்குகிறார். மற்றவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை சீட்டு வரும். அண்ணன், மனைவி, மாமனார் என்று வரும். எனக்கு நாலு வருடத்தில் ஒரு சீட்டு வரவில்லை. "உனக்கு யாருமே இல்லையாப்பா?" என்று அந்த மனிதர் கேட்கிறார்.

மாதம் ஒரு தடவை என்று அந்த எழுநூற்று எண்பதைச் சேர்த்துக் கூட்டு. ஆயிரத்துக்கு மேல் வரும். ஆயிரத்துக்கு மேல் என்றால் டீசல். சேர்க்க மனம் இல்லை என்றால் பெட்ரோலை வாங்கிக்கொள். எனக்கு எழுத வேண்டாம்.

தம்பி


மார்ச் 14

தம்பிக்கு,

உன் கடிதத்தை அம்மாவுக்குப் படித்துக் காட்டியிருக்கக்கூடாது. சீட்டு வரவில்லை என்கிற இடத்தில் நிறுத்தச் சொன்னாள். மறுபடி படிக்கச் சொன்னாள். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

மறுநாள் ஷோரூமில் உன் அத்தான் பெட்ரோல் வண்டியின் சாவியைக் கையில் வாங்கி ஆட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா நாற்காலியில் உட்கார்ந்தபடியே, "டீசல்தான் வேணும். என் பிள்ளை சொல்லியிருக்கான்" என்றாள். அவ்வளவுதான் பேச்சு. பெண் கொடுத்த மாமியார் இப்படி நாலு பேர் நடுவில் சொன்னால் மருமகன் என்ன செய்வார்? வழியெல்லாம் மூஞ்சியைத் தூக்கிவைத்துக்கொண்டு வந்தார். வாங்கியாயிற்று. டீசல். சிவப்பு கிடைக்கவில்லை, சாம்பல் நிறம். வாலு இன்னும் யாரோடும் பேசவில்லை.

ஏப்ரல் முதல் ஞாயிறு வருகிறோம். அம்மா இப்போதே ஒரு பையில் புடவையும் மாத்திரையும் எடுத்துவைத்துவிட்டாள். நான் வெளியே எடுத்தால் மறுபடி வைக்கிறாள்.

எனக்கும் ஒரு மனக்குறை இருக்கிறது, அதையும் கேட்டுக்கொள். நாங்கள்தான் வர வேண்டுமா? உனக்கு என்ன, கால் நடக்காதா? சாமான் வண்டியில் ஏறினால் இறங்குமிடத்தில் பஸ் நிற்கிறது. வீம்பு, வீம்பு, வீம்பு. அப்பா உனக்கு எழுதிவைத்துவிட்டுப் போன ஒரே சொத்து அதுதான்.

அக்கா


மார்ச் 22

அக்கா,

நல்ல வண்டி. அம்மா எப்போதும் சரியாகத்தான் முடிவு செய்வாள்.

அறையைக் கழுவிவிட்டேன். என்னோடு தங்குகிற வெல்டர் அண்ணன் அந்த ஞாயிறு வேறு அறைக்குப் போய்விடுவதாகச் சொல்லிவிட்டார். அம்மா உட்கார்ந்து எழ வசதியாக உயரமான ஒரு நாற்காலியை ஆபீசிலிருந்து தூக்கி வந்திருக்கிறேன். குளியலறையில் பிடித்துக்கொள்ள ஒரு கம்பியும் பற்றவைத்தாயிற்று. வரும்போது டேங்கை நிரப்பிக்கொள்ளுங்கள். கடைசி எழுபது கிலோமீட்டர் பங்க் கிடையாது. அத்தானை மெதுவாக ஓட்டச் சொல்.

தம்பி


ஏப்ரல் 8

அக்கா,

ஞாயிறு போய் இரண்டு நாள் ஆகிறது.

நான் கேட்டுக்குப் போய்ப் பார்க்கவே இல்லை என்று நினைத்துக்கொள். நாற்காலியைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

தம்பி


மே 26

தம்பிக்கு,

இதுவரை நான் பதில் எழுதாதது தப்பு. முதல் ஞாயிறு அத்தானுக்கு அச்சகத்தில் அவசர வேலை. அடுத்த தடவை வாலுவுக்குப் பரீட்சை. அதற்கடுத்து எனக்கு விடுப்பு கிடைக்கவில்லை. ஒவ்வொன்றும் உண்மைதான், ஆனால் எல்லாம் சேர்ந்து பொய்யாகிவிட்டது, எனக்குத் தெரியாமல் இல்லை. உன் அத்தானுக்கு உன் முகத்தில் விழிக்கக் கூச்சம். அதை வாயால் சொல்ல மாட்டார், வேலை இருக்கிறது என்பார்.

ஆனால் இன்று நான் மன்னிப்புக் கேட்க எழுதவில்லை. உன்னைக் கேள்வி கேட்க எழுதுகிறேன்.

முந்தாநாள் அம்மாவை டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனோம். பத்து நாளாகவே வண்டியில் மஞ்சளாக ஒரு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. புது வண்டிக்கு என்ன வந்துவிடும் என்று விட்டுவிட்டோம். மேம்பாலம் ஏறும்போது, நடு ஏற்றத்தில், வண்டிக்குத் திடீரென்று இழுவையே இல்லாமல் போய்விட்டது. அத்தான் மிதிக்கிறார், மிதிக்கிறார், வண்டி நடக்கிற வேகத்தில் ஊர்கிறது. பின்னால் ஒரு லாரி. ஹாரனை அழுத்தினவன் கையையே எடுக்கவில்லை. அம்மா பின்னாலிருந்து என் தோளைப் பிடித்தாள், நகம் பதிந்த இடம் இன்னும் இருக்கிறது. "இறக்கி விட்டுடுங்க, நான் பஸ்லயே போறேன்" என்று அழுதாள். அந்தக் கண்டக்டரிடம்கூட அழாதவள் அழுதாள்.

ஒர்க்ஷாப்பில் மெக்கானிக் பார்த்துவிட்டு என்ன சொன்னார் தெரியுமா? புகை போகிற வழியில் ஒரு பில்டர் இருக்கிறதாம். கரியைப் பிடித்துவைக்குமாம். வண்டி நெடுஞ்சாலையில் நல்ல வேகத்தில் நிற்காமல் ஓடிச் சூடானால்தான் அந்தக் கரி எரிந்து போகுமாம். நாங்கள் ஓட்டுகிற இரண்டு கிலோமீட்டரிலும் மூன்று கிலோமீட்டரிலும் அது அடைத்துக்கொண்டதாம். "பள்ளிக்கூடத்துக்கும் கடைக்கும் போறதுக்கு உங்களை யாரும்மா டீசல் வாங்கச் சொன்னது? விவரம் தெரிஞ்ச எவனும் சொல்ல மாட்டானே!" என்றார். அத்தான் பக்கத்தில் நின்றார். "நான் அப்பவே சொன்னேனே" என்று குத்தியிருந்தால்கூடத் தேவலை.

விவரம் தெரிந்தவன் நீ. இது உனக்குத் தெரியுமா, தெரியாதா? தெரியாது என்று எழுது. நம்பிவிடுகிறேன்.

அக்கா


ஜூன் 3

அக்கா,

தெரியும்.

இருநூற்று நாற்பது என்று நீ எழுதினாயே, அதைப் பார்த்ததுமே தெரியும். அந்த ஓட்டத்துக்குப் பெட்ரோல்தான் சரி. அத்தான் சொன்னதுதான் சரி. ஐந்து கிலோமீட்டர் ஓடினாலும் கரி சேரும், நின்ற இடத்தில் ஓடினாலும் கரி சேரும். நெடுந்தூரம் போனால்தான் தீரும். மாதம் ஒரு தடவையாவது நெடுந்தூரம் போயே ஆக வேண்டிய வண்டியாக ஒன்றை உங்கள் தலையில் கட்டினேன். எனக்காக வர மாட்டீர்கள், வண்டிக்காகவாவது வருவீர்கள் என்று நினைத்தேன். விளக்கு எரியும், மெக்கானிக் தூரமாக ஓட்டச் சொல்வார், தூரமாக உங்களுக்கு என்னைத் தவிர யார் இருக்கிறார்கள்?

விளக்கு வரை யோசித்தேன். மேம்பாலத்தை யோசிக்கவில்லை. அம்மா அழுவாள் என்று யோசிக்கவில்லை.

இன்ஜின் விஷயத்தில் நான் சொன்ன முதல் பொய் இது. அந்தப் பொய்யை, என்னை நம்பின அம்மாவிடமே சொல்லியிருக்கிறேன். கோபம் எனக்கு இன்னும் இருக்கிறது, நாலு வருடக் கோபம், அது நியாயமான கோபம்தான். ஆனால் அதை வைத்துக்கொண்டு என்ன செய்திருக்கிறேன் பார். வண்டியை விற்றுவிட்டுப் பெட்ரோல் வாங்குங்கள். மெக்கானிக் சொன்னதை அம்மாவிடம் சொல்லாதே. சொல்லிவிட்டாயா?

தம்பி


ஜூன் 11

தம்பிக்கு,

சொல்லிவிட்டேன். உன் கடிதத்தை முழுதாகப் படித்தும் காட்டிவிட்டேன். நீ செய்ததை மூடிமறைக்க நான் உனக்குச் சம்பளத்துக்கு இருக்கிறேனா?

எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வருகிறது. பெற்றவளைப் பார்க்க வேண்டும் என்றால், "அக்கா, எனக்கு அம்மாவைப் பார்க்கணும் போல இருக்கு" என்று ஒரு வரி எழுதினால் போதாதா? அந்த ஒரு வரி உன் கைக்கு வராது. அதற்குப் பதிலாக ஒரு காரையே வாங்க வைப்பாய். ஊரில் ஒருத்தன் இப்படிச் செய்வானா? வெளியே சொன்னால் சிரிப்பார்கள். நாங்களும் ஒழுங்கில்லை, பட்டியலில் உன்னை விட்டவள் நான்தான். ஆனால் நான் விட்டது தெரியாமல். நீ செய்தது தெரிந்தே.

வண்டியை விற்கப் போகிறோம். வருகிற ஞாயிறு சாயங்காலம் ஒருவர் பார்க்க வருகிறார். விளக்கு எரிகிற வண்டியை எவன் வாங்குவான்? மெக்கானிக் ஏதோ செய்து இழுவையைக் கொண்டுவந்துவிட்டார், ஆனால் பில்டர் முழுதாகச் சுத்தமாக நெடுஞ்சாலையில் நாற்பது கிலோமீட்டர் நிற்காமல் ஓட்டிவிட்டுத் திரும்பச் சொல்லியிருக்கிறார். ஞாயிறு விடியற்காலை அத்தான் எடுத்துப்போகிறார். அதோடு உன் டீசல் கதை முடிந்தது.

படித்து முடித்ததும் அம்மா நிமிர்ந்து உட்கார்ந்தாள். உன்னைத் திட்டுவாள் என்று பார்த்தேன். "எத்தனை மணிக்குக் கிளம்புறாரு?" என்று மட்டும் கேட்டாள்.

அக்கா


ஜூன் 15, ஞாயிறு. குவாரி கேட் சீட்டு, மூன்று தாள், இரண்டு பக்கமும்.

வந்திருப்பவர்: நாலு பேர்.

யாரைப் பார்க்க: ஜெனரேட்டர் ஆபரேட்டர்.

உறவு: அம்மா, அக்கா, அத்தான், மருமகள்.

வந்த காரணம்: கொடுத்த இடம் போதாது. உன் சீட்டு அண்ணனிடம் கேட்டு இன்னும் இரண்டு தாள் கிழித்து வாங்கியிருக்கிறேன், முறைக்கிறார். ஐந்து நிமிடம் ஹாரன் அடித்தோம், உன் இன்ஜின் சத்தத்தில் எங்கே கேட்கும்? உள்ளே விட மாட்டாராம். சன்னலில் உன் முதுகு தெரிகிறது. இளைத்திருக்கிறாய்.

காலையில் அத்தான் வண்டியை எடுக்கப் போனால் அம்மா பின்சீட்டில் உட்கார்ந்திருந்தாள். மடியில் பை, மார்ச் மாதம் கட்டிவைத்த அதே பை. எங்களையும் ஏறச் சொன்னாள். நாற்பதாவது கிலோமீட்டரில் விளக்கு அணைந்தது. "திருப்பட்டுமா அத்தே?" என்று அத்தான் கேட்டார். அம்மா சன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். அவரும் இரண்டாவது தடவை கேட்கவில்லை, திருப்பவும் இல்லை. நான் வாயைத் திறந்தேன், "நீ சும்மா வா" என்றார். வண்டி பார்க்க வருகிறவர் சாயங்காலம் பூட்டின வீட்டு முன்னால் நிற்பார். நிற்கட்டும்.

இப்போது இங்கே ஒரு சிக்கல். அம்மா இறங்க மாட்டேன் என்கிறாள். கையைப் பிடித்து இழுத்தும் பார்த்தாயிற்று. "அவன் மட்டும்தான் சொல்லணுமா? நானும் சொல்றேன். அவன் வந்து கூப்பிடுற வரைக்கும் அவன் வாசப்படியை நான் மிதிக்க மாட்டேன்" என்கிறாள். வீம்பு உனக்கு அப்பாவிடமிருந்து வந்தது என்று எழுதினேனே, அதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.

அம்மாவுக்கு வெயில் ஆகாது என்று அத்தான் ஏசியைப் போட்டு வண்டியை அணைக்காமல் நிறுத்தியிருக்கிறார். நின்ற இடத்தில் ஓடினால் பில்டரில் கரி சேரும் என்று நீதான் எழுதினாய். கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வா.